செம்பு அண்டாவில் ஒன்பது மீன்கள்

ஜூன் 8, ஞாயிறு

கல்லிடைக்குறிச்சியிலிருந்து என் கொழுந்தனார் மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். பிள்ளைகள் எல்லாம் என்ன செய்கிறார்கள் என்று கேட்டாள். சொன்னேன். என் மூத்த மகனுடைய மகள் உமையாள் டாக்டருக்கு முடித்து, மதுரையில் மேல்படிப்புக்கும் இடம் வாங்கிவிட்டாள். மகள் வயிற்றுப் பேரன், பேர் குற்றாலம், ஜெர்மனியில் இருக்கிறான். கம்பெனியே அவனுக்குக் கார் கொடுத்திருக்கிறது. அவன் தங்கை பகவதி ஆடிட்டர் பரீட்சையை முதல் தடவையிலேயே எழுதித் தேறியவள். இந்தத் தெருவில் அப்படி வேறு யாரும் உண்டா என்று விசாரித்துப் பார்த்தேன், கிடையாது. நான் இருக்கும் இந்த வீட்டில், சின்ன மகன் சங்கரலிங்கத்தின் மூத்த பிள்ளை நெல்லையப்பன் ரயில்வேயில் இன்ஜினியர். வெள்ளத்தில் தண்டவாளம் அரித்துப்போனபோது மூன்று நாள் கண்மூடாமல் வேலை பார்த்து மெடல் வாங்கினான். உமையாளின் தங்கை தைலா, எல்லாருக்கும் கடைசி, பத்தாம் வகுப்பில் கணக்குக்கு நூற்றுக்கு நூறு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அடுத்த தலைமுறைக்கும் அடுத்த தலைமுறையில் இத்தனை படிப்பு.

“இங்க இருந்தானே, ரெண்டாவது பையன், அவன்?” என்று கேட்டாள்.

தாணுவா, வெளியூரில் வேலையாக இருக்கிறான் என்று சொல்லிவிட்டுக் காப்பி கலக்க எழுந்துவிட்டேன்.

அவர்கள் வருவதற்கு முன்னால், காலை பத்து மணிக்கு, தாணு போன் செய்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி என்றால் பத்து மணிதான். ஐப்பசியில் நாமக்கல்லுக்குப் போனதிலிருந்து ஒரு வாரம் தவறியதில்லை. அங்கே லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை. ஞாயிறும் வேலை உண்டு, பத்து மணி அவனுக்கு டீ நேரம். என் பட்டன் போனுக்குத்தான் வரும். அப்பாவோடு பேசமாட்டான், அப்பாவும் அவனோடு பேசமாட்டார். “மீனெல்லாம் எப்படி இருக்கு ஆச்சி?” என்பான். நன்றாக இருக்கிறது என்பேன். தீனி, தண்ணீர், காற்று மோட்டார், எல்லாவற்றையும் கேட்பான். ஐந்து நிமிஷம். அப்புறம் வைத்துவிடுவான்.

முன்னறையில் அவன் விட்டுப்போன தொட்டியில் ஒன்பது மீன்கள். தங்க நிறத்தில் ஐந்து, கறுப்பு மோலி மூன்று, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே கிடக்கும் சக்கர் ஒன்று. நாங்கள் சைவம்; மீன் வாடை இல்லாத வீடு. இருந்தாலும் இந்த ஒன்பதுக்கும் நான்தான் காலையில் தீனி போடுகிறேன்.

ஜூன் 9, திங்கள்

தொட்டி வைத்திருக்கும் இரும்பு ஸ்டாண்டுக்குக் கீழே ஈரம். மருமகள் கனகா தரை துடைத்துவிட்டுப் பிழியாத துணியை அங்கேயே போட்டிருக்கிறாள் என்று சத்தம் போட்டேன். இல்லை என்று சாதிக்கிறாள்.

ஜூன் 10, செவ்வாய்

கனகா மேல் தப்பில்லை. தொட்டியின் அடி மூலையில் கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போய், அங்கிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்குகிறது. பழைய பேப்பரை மடித்து வைத்தேன். அரை மணியில் ஊறிவிட்டது. விரலால் அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். பிடித்திருக்கும் வரை நிற்கிறது. எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருப்பது!

சங்கரலிங்கம் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். பார்த்துவிட்டு, “சனியன், ஒழிஞ்சுதுன்னு யாருக்காவது தூக்கிக் குடுத்திரும்மா. அவனே போயிட்டான், அவன் மீனு எதுக்கு?” என்றான்.

“குடுத்துட்டா ஞாயித்துக்கிழமை அவன் கேட்டா என்னல சொல்ல?”

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

நானும் கனகாவும் பரணிலிருந்து என் கல்யாணத்துக்குச் சீராக வந்த செம்பு அண்டாவை இறக்கினோம். பிளாஸ்டிக் வாளி இருக்கிறதே என்றாள் கனகா. ஒரு பிள்ளை நம்பி விட்டுப்போன உயிரை, அழுக்குத் துணி ஊறவைக்கிற வாளியிலா போடுவது? புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். ஒரு மணி நேரம். அண்டா சூரியன் மாதிரி வந்துவிட்டது. பின்கட்டுக் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீராக இறைத்து நிரப்பினோம்.

தாணு வைத்துப்போன சின்ன வலையால் ஒவ்வொன்றாக மாற்றினேன். எட்டு வந்துவிட்டன. ஒரு தங்க மீன், வால் கொஞ்சம் கிழிந்தது, வலையிலிருந்து துள்ளித் தரையில் விழுந்துவிட்டது. கனகா கத்திக்கொண்டு நாற்காலியில் ஏறினாள். யோசிக்க நேரமில்லை, கையால் அள்ளிவிட்டேன். எழுபத்து நான்கு வயதில் முதல் தடவை மீனைத் தொட்டேன். ஈரப் பட்டுத்துணி மாதிரி இருந்தது, உள்ளே ஒரு துடிப்போடு. குளிக்க வேண்டுமோ என்று கனகா கேட்டாள். உயிரோடு இருப்பதைத் தொட்டதற்கு எதற்குக் குளியல்? கை மட்டும் கழுவினேன்.

ஜூன் 11, புதன்

அண்டாவுக்குள் ஒன்பதும் தகதகவென்று இருக்கின்றன. பார்க்கப் பார்க்கப் போதவில்லை. செம்புத் தண்ணீர் மனுஷனுக்கே நல்லது, இதுகளுக்கு எவ்வளவு நல்லது என்று கனகாவிடம் சொன்னேன். தாணு கேட்டால் பெருமையாகச் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் தீனி போட்டேன். ஒன்றும் மேலே வரவில்லை. இடம் மாறியதால் கூச்சம் போல.

ஜூன் 12, வியாழன்

இரண்டு கறுப்பு மோலி செத்து மிதந்தன. செம்பருத்திக்கு அடியில் குழி தோண்டி வைத்தேன். தண்ணீரைப் பாதி இறைத்துக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டேன்.

வயசான மீன்களாக இருக்கும்.

ஜூன் 13, வெள்ளி

வெள்ளிக்கிழமையும் அதுவுமாக மீன்காரியை வீட்டுக்குள் கூப்பிட்டேன். என் மாமியார் இருந்திருந்தால் என்னைத்தான் செம்பருத்திக்கு அடியில் வைத்திருப்பார்.

காலையில் வால் கிழிந்த தங்க மீன் ஒருக்களித்துக் கிடந்தது. நான் கையால் அள்ளியது. செவுள் மட்டும் ஒன்றிரண்டு தடவை அடித்தது, நின்றுவிட்டது. சக்கர் மல்லாந்து அடியில் கிடந்தது. மற்றவை மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. அப்போதுதான் பக்கத்துத் தெருவில் சூசையம்மாளின் குரல் கேட்டது. புன்னைக்காயலிலிருந்து பஸ்ஸில் மீன் கொண்டுவருகிறவள். இருபது வருஷமாக அந்தக் குரலைக் கேட்கிறேன். எங்கள் தெருவில் வாங்குகிறவர்கள் இல்லை என்பதால் அவள் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. நான் வாசலில் நின்று கை தட்டினேன்.

“என்னயவா கூப்பிட்டீய ஆச்சி?” நம்பாமல் பின்னால் திரும்பிப் பார்த்தாள். “ஊளி இருக்கு, சாளை இருக்கு. நல்லா யோசிச்சுத்தான் கூப்பிட்டீயளா?”

“வாங்க இல்லளா. வீட்ல மீன் சாகுது. வந்து காப்பாத்து.”

“நல்லாருக்கே கத! நான் செத்த மீன விக்கிறவ, என்னயப் போயி காப்பாத்தக் கூப்பிடுதீய!”

பாத்திரத்தை வாசலில் இறக்கிவைத்துவிட்டு உள்ளே வந்தாள். அண்டாவைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

“ஆச்சி, செம்புலயா போட்டீய?”

“புளி போட்டுத் தேய்ச்ச செம்பு. கறை இருக்கா பாரு.”

“அதாம் கேடு. செம்புக் களிம்பு மீனுக்கு வெசம். எங்க ஊர்ல உப்புத் தண்ணியக்கூட செம்புல வைக்க மாட்டோம். நீங்க தேய்ச்சுத் தேய்ச்சுப் புதுசாக் களிம்ப எறக்கி வுட்டிருக்கீய.”

‘வயசான மீன்கள்’ என்று நேற்று எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

அவள் ஓடிப்போய், வாசலில் வைத்த சுமையிலிருந்து ஐஸ் வைக்கிற தெர்மாகோல் பெட்டி ஒன்றை, காலியாக இருந்ததை, எடுத்துவந்தாள். கிணற்றடியில் வைத்து மணலும் தண்ணீருமாகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பெட்டி நிறையக் கிணற்றுத் தண்ணீர். சக்கர் மீனை உள்ளங்கையில் எடுத்து, தண்ணீருக்குள் முன்னும் பின்னுமாக மெல்ல ஓட்டிக் காட்டினாள், குழந்தையை ஆட்டுகிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் அது புரண்டு நேரானது.

மிச்சம் ஆறு. முன்னறையில் மீன்காரி பெட்டி இருக்கிறது. எவ்வளவு கழுவியும் வாடை போகவில்லை. கனகா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நடக்கிறாள். சங்கரலிங்கம் வந்து பார்த்தான், வாயைத் திறந்தான், என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

சூசையம்மாளுக்குக் காப்பி கொடுத்தேன். வீட்டு டம்ளரில்தான்.

ஜூன் 15, ஞாயிறு

பத்து மணி.

“ஆச்சி, மீனெல்லாம் எப்படி இருக்கு?”

“எல்லாம் சௌக்கியம். தீனி போட்டா ஒன்பதும் மேல வந்து அள்ளிட்டுப் போகுது.”

அந்தப் பக்கம் இரும்பை எங்கோ அடிக்கிற ஓசை மட்டும்.

“டாக்டருக்கு வாலு தேவலையா?”

“எந்த டாக்டருல?”

“ஐயோ, வாயில வந்துட்டு. ஒண்ணுமில்ல ஆச்சி. பெருசு ஒண்ணு, வாலு கிழிஞ்சிருக்கும்லா, அதுக்கு நான் வச்ச பேரு.”

மற்றவற்றுக்கும் பேர் உண்டா என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னான். ஜெர்மனி, ஆடிட்டர், ரயில்வே. எப்போதும் முந்திக்கொண்டு தீனிக்கு ஓடும் சின்னது, நூத்துக்கு நூறு. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“சரி, கண்ணாடியில ஒட்டிக்கிட்டே கெடக்குமே, அதுக்கு என்ன பேரு?”

“அது வேண்டாம் ஆச்சி.”

“சொல்லுல.”

“அது ஆச்சி.”

“நானா?”

“முன்னறையிலேயே இருந்துக்கிட்டு, வாரவங்க போறவங்க எல்லாரையும் பாத்துக்கிட்டு, வாய அசைச்சுக்கிட்டே இருக்கும்லா...”

“செருப்பால அடிப்பேன் படுவா!” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். “உன் பேர எந்த மீனுக்குல வச்ச?”

“எனக்கு எதுக்கு ஆச்சி பேரு? நான் தண்ணி மாத்துறவன்லா.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அப்புறம், வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டான்.

மத்தியானம் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு இந்த நோட்டை எடுத்தேன்.

எழுதிவிடுகிறேன். போன ஐப்பசியில் நெல்லையப்பனுக்குப் பெண் தர ஒரு குடும்பம் வந்தது. முன்னறை நிறைய ஆட்கள். நான் வழக்கம்போலப் பிள்ளைகளைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். டாக்டர், ஜெர்மனி, ஆடிட்டர், ரயில்வே, நூற்றுக்கு நூறு. தாணு அப்போது தொட்டியில் குழாய் போட்டுத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தான். பாலிடெக்னிக்கைக் கடைசி வருஷத்தில் விட்டுவிட்டு இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தான். பெண்ணின் அப்பா, “தம்பி என்ன பண்றார்?” என்று கேட்டார். “இவனா, மீனுக்குத் தண்ணி மாத்துறான். அதுக்குத்தான் பொறந்திருக்கான்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவனும் சிரித்ததால் அது ஒன்றுமில்லை என்று இருந்துவிட்டேன். நாலாம் நாள் நாமக்கல்லுக்குப் போய்விட்டான். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு போனான் என்றுதான் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். சண்டை நடந்தது உண்மைதான். வண்டிச் சாவிக்கு நடந்த சண்டை. அதற்காக யாரும் ஊரை விட்டுப் போவார்களா?

டாக்டர் செம்பருத்திக்கு அடியில் கிடக்கிறது. நான் சௌக்கியம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

நானாக அவனுக்குப் போன் செய்தேன். இத்தனை மாதத்தில் இதுதான் முதல் தடவை. எப்போதும் அவன்தான் செய்வான்.

“என்ன ஆச்சி, உடம்புக்கு ஏதும்...?” என்று பதறினான்.

உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி, தொட்டி ஒழுகியது, அண்டாவில் விட்டது, மூன்று செத்தது, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அதில் டாக்டரும் ஒன்று என்றேன்.

“ஞாயித்துக்கிழமையே தெரியும் ஆச்சி.”

“எப்படில?”

“ஒன்பதும் மேல வந்து அள்ளுதுன்னீங்க. சக்கர் என்னைக்கு மேல வந்து தின்னுச்சு? அது அடியிலதான கெடக்கும். என்னமோ ஆயிட்டுன்னு தெரிஞ்சுது. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

தொட்டியை ஒட்டிவிடலாமா என்று கேட்டேன். முழுக்கக் காயவைத்து, பழைய பசையை பிளேடால் சுரண்டி எடுத்து, கடையில் மீன் தொட்டிக்கென்று சொல்லிச் சிலிக்கான் பசை வாங்கி இழுக்க வேண்டும் என்றான். சங்கரலிங்கம் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். படித்தானோ என்னவோ, பக்கம் திரும்பவில்லை.

“உள்பக்கமா வெளிப்பக்கமான்னு கேளும்மா” என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

நான் கேட்பதற்குள் போனிலிருந்து, “உள்பக்கம்னு சொல்லுங்க ஆச்சி” என்றது.

“எத்தன நாள் காயணும்னு கேளு.”

“ரெண்டு நாள் தொடக்கூடாதுன்னு சொல்லுங்க.”

“பாத்ரூம் கதவுக்கு வாங்குன பசை மிச்சம் இருக்கு, அது ஆகுமான்னு கேளு.”

“ஆகாது, அதுல பூஞ்சை மருந்து இருக்கும், மீன் செத்துரும்னு சொல்லுங்க.”

எனக்குக் கை வலித்தது. போனைக் கட்டிலில் வைத்துவிட்டு, “நீங்களே பேசிக்கோங்கப்பா, நான் என்ன தபால்காரியா?” என்று எழுந்து போனேன். திரும்பி வந்தபோது போன் அணைந்திருந்தது. பேசினார்களா என்று கேட்கவில்லை. சங்கரலிங்கம் சட்டையை மாட்டிக்கொண்டு பசை வாங்கப் போனான்.

ஜூன் 18, புதன்

சங்கரலிங்கம் லீவு போட்டுவிட்டான். சவர பிளேடை வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தொட்டிக்குள் தலையை விட்டபடி சுரண்டினான். பிள்ளை மீன் வளர்த்த தொட்டியை அவன் இத்தனை கிட்டத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவையாக இருக்கும். கட்டைவிரலில் வெட்டு.

ஜூன் 20, வெள்ளி

பாதி அளவு தண்ணீர் விட்டுப் பார்த்தோம். சொட்டு இறங்கவில்லை. கனகா பாயசம் வைத்தாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

ஜூன் 21, சனி

முழுக்க நிரப்பினோம். சாயங்காலம் எதிர் மூலையில் ஒழுகல்.

ஜூன் 22, ஞாயிறு

பத்து மணிக்குப் பேசினான். பசை எல்லா மூலையிலும் செத்துப்போயிருக்கும், ஒன்றை ஒட்டினால் இன்னொன்று விடும் என்றான். தானே யாரிடமோ பழசாக வாங்கிய தொட்டியாம். “இனி அதோட மல்லுக்கட்டாதீங்க” என்றான். தெர்மாகோல் பெட்டியில் தினமும் பாதித் தண்ணீர் மாற்றச் சொன்னான். போன ஞாயிறிலிருந்தே மாற்றுகிறேன். குனிந்து குனிந்து இடுப்பு போய்விட்டது. ஒரு வேலையை இழிவாகச் சொல்வது சுலபம்; எட்டு நாள் செய்து பார்க்கிறபோதுதான் தெரிகிறது. தண்ணீரின் சூடு, மணம், எவ்வளவு எடுப்பது, எவ்வளவு விடுவது, எல்லாவற்றுக்கும் பக்குவம் இருக்கிறது. இதை அவன் ஐந்து வருஷம் ஒரு நாள் விடாமல் செய்தான்.

ஜூன் 23, திங்கள்

சூசையம்மாள் எட்டிப் பார்த்தாள். இப்போதெல்லாம் எங்கள் தெரு வழியாகத்தான் போகிறாள். பெட்டியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

“இது ஒரு நாள் கூத்துக்கு ஆன பெட்டி ஆச்சி. வெயில் வேற இப்படி அடிக்கி. பேசாம உங்க கிணத்துல விட்ருங்க. அதே தண்ணிதான. கொசுப்புழுவ தின்னுக்கிட்டு பத்து வருசம் கெடக்கும். தண்ணி மாத்த வேண்டாம், மோட்டாரு வேண்டாம்.”

யோசிக்கலாம் என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

கிணற்றில் விட்டால் தீனி எப்படிப் போடுவது? பாம்பு வரும். தவளை கடிக்கும். கிணறு சரிப்படாது.

ஜூன் 25, புதன்

சங்கரலிங்கமும் கிணறு நல்ல யோசனை என்கிறான். நாம் அந்தத் தண்ணீரைக் குடிப்பதில்லை, துணிக்குத்தானே என்கிறான். இருட்டு என்றேன். மீனுக்கு இருட்டு என்னம்மா செய்யும் என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லாருக்கும் அவசரம்.

ஜூன் 26, வியாழன்

மிச்சமிருந்த ஒரு கறுப்பு மோலியும் போய்விட்டது. தங்க மீன்கள் நான்கும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயை வைத்துக்கொண்டு நிற்கின்றன. ரயில்வேக்கு முதுகில் வெள்ளை விழுந்திருக்கிறது.

கனகா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதிகம் பேசாதவள்.

“அத்த, கிணத்துல விட ஏன் மனசு வரல?”

பாம்பு என்று ஆரம்பித்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்றவள் அவள். அவளுக்கே மாதம் ஒரு தடவைதான் பேசுகிறான், அதுவும் நான் போனைக் கையில் கொடுத்தால்.

“கிணத்துல விட்டுட்டா, மீன் எப்படி இருக்குன்னு அவன் கேக்க வேண்டியதில்லையே” என்றேன். “தண்ணி மாத்துனீங்களான்னு கேக்க வேண்டியதில்ல. எதுவுமே கேக்க வேண்டியதில்ல. அப்புறம் எதுக்கு எனக்குப் போன் பண்ணுவான்? நான் பேசுன பேச்சுக்கு, மீனாலதான் எனக்கு அந்த அஞ்சு நிமிஷமும்.”

அவள் பெட்டிக்குள் கையைவிட்டு, தண்ணீர் சுடுகிறது என்று மட்டும் சொன்னாள். மூக்கை மூடிக்கொள்ளவில்லை.

ஜூன் 27, வெள்ளி

விட்டுவிட்டோம்.

காலையில் ஐந்தையும் வாளியில் எடுத்து, கயிறு கட்டி, சங்கரலிங்கம் மெல்ல இறக்கினான். தண்ணீரைத் தொட்டதும் கயிற்றைச் சுண்டி வாளியைச் சாய்த்தான். நூத்துக்கு நூறுதான் முதலில் ஓடியது. மற்ற மூன்றும் கொஞ்ச நேரம் வாளி விளிம்பிலேயே நின்றுவிட்டுப் போயின. சக்கர் வாளியின் அடியில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. மூன்று தடவை முக்கி எடுத்தான்.

“ஆச்சிக்கு எறங்க மனசில்ல” என்றான் சங்கரலிங்கம். பேர் எல்லாம் இவனுக்கு யார் சொன்னது?

நான்காம் தடவை போய்விட்டது. எட்டிப் பார்த்தேன். ஆழத்தில் ஒரு தங்க வரி புரண்டது, அப்புறம் தண்ணீர் மட்டும். இனி அதுகளுக்கு நாங்கள் வேண்டாம்.

தாணுவைக் கேட்காமல் செய்தேன். கேட்டால் அவனும் விடச் சொல்லுவான், அதை அவன் வாயால் கேட்க எனக்கு வேண்டாம்.

ஜூன் 29, ஞாயிறு

பத்து மணிக்கு வந்தது. கிணற்றில் விட்டதைச் சொன்னேன்.

“நல்ல காரியம் செஞ்சீங்க ஆச்சி. பிழைச்சுக்கிடும்.”

“ஆமா.”

“சரி.”

“சரி.”

அவனுக்குக் கேட்க ஒன்றுமில்லை. எனக்கு அன்றைக்குப் பேசியதைச் சொல்ல வேண்டும் என்று நெஞ்சு வரை வந்தது. “தாணு, அந்தப் பொண்ணு வீட்டுக்காரங்க வந்தன்னைக்கு, எல்லாரு முன்னாலயும் நான் அப்படிச் சொன்னது தப்புல” என்றேன். சொல்லிவிட்டேன். பட்டறைச் சத்தத்தில் கேட்டதோ இல்லையோ. “சூப்பர்வைசர் கூப்பிடுதாரு ஆச்சி, வைக்கேன்” என்றான்.

இரண்டு நிமிஷம்கூட இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

போன் வரவில்லை. பத்து மணிக்கு, சார்ஜ் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். இருந்தது.

மாவு அரைத்தேன்.

ஜூலை 7, திங்கள்

சங்கரலிங்கம் காலியான தொட்டியை வாசலுக்கு எடுத்துப் போனான். முன்னறை பெரிதாகத் தெரிகிறது. என் மைத்துனி வீட்டில் இருந்து ஆட்கள் வந்தார்கள். பிள்ளைகள் சௌக்கியமா என்றார்கள். எல்லாரும் சௌக்கியம் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஜூலை 9, புதன்

மத்தியானம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. புதன்கிழமை யார் என்று ஈரக் கையோடு எடுத்தேன்.

“ஆச்சி.”

“என்னல, என்ன ஆச்சு? மீனு நல்லா இருக்கு, காலையில கூட எட்டிப் பாத்தேன்...”

“மீனுக்காகப் பண்ணல ஆச்சி. சாப்பாட்டு நேரம். சும்மாதான் பண்ணேன்.”

கொடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“ஞாயித்துக்கிழமை ஓவர்டைம், டீக்குக்கூட விடல” என்றான். “அப்புறம், அன்னைக்கு நீங்க சொன்னது கேட்டுச்சு. சூப்பர்வைசர் ஒண்ணும் கூப்பிடல. என்ன சொல்லன்னு தெரியல, வச்சிட்டேன்.”

“போகட்டும்ல. என்ன சாப்பிட்ட?”

லெமன் சாதம் என்றான். மெஸ் சாப்பாட்டில் உப்பே கிடையாதாம். பக்கத்துக் கட்டில்காரன் ஈரோட்டுப் பையன், குறட்டை விடுவானாம். இந்த மாதம் முதல் பதினாறு சக்கர லாரிக்கு அடிச்சட்டம் கட்டும் வேலைக்கு இவனை மாற்றியிருக்கிறார்கள். இவன் ஒட்டிய இடத்தைச் சுத்தியலால் அடித்துப் பார்த்துவிட்டு, பெரிய மேஸ்திரி ஒன்றுமே சொல்லாமல் போனாராம். ஒன்றும் சொல்லவில்லை என்றால் அவர் பாஷையில் பிரமாதம் என்று அர்த்தமாம். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் ஏறியது. முழங்கையில் நெருப்புப் பொறி பட்டுத் தழும்பாகிவிட்டது என்றான். எந்தக் கை என்று கேட்டேன். இடது.

“எண்ணெ தடவுனியா?”

“தடவுனேன். தாடி வச்சிருக்கேன் ஆச்சி, அதுலயும் ரெண்டு தடவ பொறி விழுந்துட்டு.”

தாடியா! ஒன்பது மாதமாகிறது. போனில் பேசும்போதெல்லாம் என் மனசில் மீசை அரும்பிய முகம்தான் நின்றது. நான் யாரோடு பேசிக்கொண்டிருந்தேன்?

சங்கு ஊதியது அந்தப் பக்கம். வைக்கப் போகிறேன் என்றான்.

“இருல, ஒண்ணு கேளு. என் போன்ல படம் வராது. உங்க அப்பா போனுக்கு அனுப்புனா, நான் போயி அவன்கிட்ட கேட்டு நிக்கணும். கடையில போய் நல்லபடியா ஒரு போட்டோ எடுத்து, தபால்ல போடு. என் பேருக்கே போடு. தாடிய எடுத்துராத. சட்ட மாத்தி, பவுடர் போட்டு நிக்காத. பட்டறையில போடுற சட்டையோடயே நில்லு. இடது கை தெரியணும்.”